விலங்குப் பொம்மைக்குள் நின்றவர்கள், பார்த்தவர்கள்: அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேட்ஸ்வொர்த் பின்னங்கால்:
தீபாவளி நாடகத்துக்கு யானை. இரண்டு பேர் உள்ளே போகிற வகை, தெரியும்தானே. முன்னால் மச்சான், பின்னால் நான். பின்னங்கால்காரனுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் போகிறவன் முதுகும் தரையும்தான். பாதி நாடகத்தில் யானை சட்டென்று நின்றுவிட்டது. கீழே குனிந்து பார்த்தால், வயிற்றுத் துணிக்கு அடியில் மெட்டி போட்ட இரண்டு வெறுங்கால்கள். கொஞ்சம் தள்ளி ஒரு ஜோடி செருப்பு. முன்வரிசையிலிருந்த ஆயா ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாழைப்பழத்தோடு வந்திருக்கிறார்! எங்கள் தும்பிக்கை சுருளும், தூக்கும், எதையும் பிடிக்காது. மச்சான் சமாளித்துத் தும்பிக்கையை அவர் தலையில் வைத்துவிட்டான். ஹாலே கைதட்டியது. ஆனால் எங்கள் ஷூவும் கால்சட்டையும் பளிச்சென்று வெளியே தெரிகிறதே, உள்ளே பசங்கள்தான் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஜோபர்க் அக்கா:
தெரிந்தேதான் கழற்றியிருப்பார் தம்பி. கேப் டவுன் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழு ‘வார் ஹார்ஸ்’ நாடகத்துக்குச் செய்த ஜோயி குதிரை, 2007-ல் லண்டனில் முதலில் மேடையேறியதே அது, ஜோஹன்னஸ்பர்க் வந்தபோது போய்ப் பார்த்தேன். தலைக்கு ஒருவர் வெளியே நிற்கிறார், உடம்புக்குள் இருவர். மூன்று பேரும் நன்றாகவே தெரிகிறார்கள். என் பக்கத்தில் ஒருவர் இருமினார். குதிரையின் ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. தலைக்காரர் கையிலிருக்கும் லீவரை அழுத்தியிருப்பார், அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நிற்கும்போதும் அது மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. மேடையில் அந்த மூன்று பேரும் இருந்தார்கள் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் நினைவுக்கு வந்தது.

பீனிக்ஸ் மாமா:
ஒத்துக்கொள்ள மாட்டேன். காலைக் காட்டினால் அது யானையா? தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையில் சுற்றிலும் துணி தொங்குகிறதே, எதற்காம்? சின்ன வயதில் கோயில் திருவிழாவில் ஒரு குதிரை என்னை நோக்கிக் குதித்து வந்து, நான் அப்பா வேட்டிக்குள் ஒளிந்துகொண்டேன். அது குதிரை! இப்போது காசு மிச்சம் பிடிக்கத் துணியைக் குறைத்துவிட்டு அதற்குக் கலை என்று பெயர் வைக்கிறார்கள்.

ஜோபர்க் அக்கா:
மாமா, பொய்க்கால் குதிரையில் ஆட்டக்காரர் இடுப்புக்கு மேலே முழுசாகத் தெரிகிறாரே! அவர்தான் சவாரி செய்கிற ராஜா. கட்டைக்காலைக்கூட யாரும் ஒளிப்பதில்லை, அந்தச் சத்தமே ஆட்டத்தில் பாதி. நீங்கள் பயந்தது துணியைப் பார்த்தா?

கேப் டவுன் பிரம்பு:
என் கதை சின்னது. பள்ளி நாடகத்துக்குச் சிங்கம் செய்து கொடுத்தேன். ஒத்திகையில் உள்ளே இருந்த பையன் பாட்டுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டான், முகம் வெளுத்திருந்தது. அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

பாரத்தைத் தோளில் தொங்கவிடாதீர்கள். மலையேறுகிறவர்கள் மாட்டும் முதுகுப்பையில் இடுப்பு பெல்ட் இருக்கும், அதை எடுத்துச் சட்டத்தோடு கட்டுங்கள், எடை இடுப்பில் இறங்கும். எலும்புக்கூட்டுக்கு இரும்பு வேண்டாம். பிரம்பை ஊறவைத்து வளைத்து, காய்ந்ததும் கட்டினால் வளைவு நிற்கும். ஜோயியின் உடம்பும் பிரம்புதான். ஆள் ஏறி உட்கார வேண்டியிருப்பதால் முதுகுக்கு அலுமினியம் வைத்திருக்கிறார்கள். மேலே கனமான துணி போர்த்தாதீர்கள், டர்பன் நகரத்துப் புழுக்கத்தில் உள்ளே இருப்பவன் வெந்துவிடுவான். வலைத்துணி போதும், காற்றும் வரும், வழியும் தெரியும். காதுக்கும் தும்பிக்கைக்கும் சைக்கிள் பிரேக் கேபிள், லீவரோடு. காசு இல்லையென்றால் அட்டை. இங்குள்ள உக்வாண்டா பொம்மலாட்டக் குழுவினர் வடிவமைத்த விலங்குப் பொம்மைகள் 2025-ல் காங்கோவின் கின்ஷாசாவில் கிளம்பி நார்வே வரை போயின, அட்டையும் பிளைவுட்டும்தான்! கடைசியாக, உள்ளே இருப்பவர்கள் ஒன்றாக மூச்சு விடப் பழகட்டும். முன்னவன் மூச்சு இழுத்தால் பின்னவனும் இழுக்க வேண்டும். நடை பழகுவது அப்புறம்.

சேட்ஸ்வொர்த் பின்னங்கால்:
அண்ணே, எங்கள் யானை தண்ணீர்க்குழாய்ச் சட்டம், முழுப்பாரமும் தோளில். பிரம்பு டர்பனில் எங்கே கிடைக்கும்?

கேப் டவுன் பிரம்பு:
பழைய பிரம்பு நாற்காலி பழுது பார்க்கிறவர் யாரையாவது பிடியுங்கள். பின்னுகிற மெல்லிசு வேண்டாம், கால் வளைக்கிற தடிமன் கேளுங்கள்.

பீனிக்ஸ் மாமா:
துணியும் வாங்கிக்கொள் தம்பி. கால் வரைக்கும்.