நெட் பாஸ், பிஎச்.டி. இடமும் கிடைத்துவிட்டது, கட்டணம் கட்டத்தான் மனம் வரவில்லை

ஊருணிக்கரை:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும்தான் செய்தேன், இதுதான் முதல் பதிவு. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு மதுரைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 16,000 ரூபாய், வயது 28. போன முறை யுஜிசி நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதியதில் ஜே.ஆர்.எப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான கட் ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்று இரண்டாவது பிரிவில் வந்தேன். உதவிப் பேராசிரியர் தகுதி உண்டு, அதே மதிப்பெண்ணை வைத்து பிஎச்.டி. சேரலாம், உதவித்தொகை மட்டும் கிடையாது. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். அந்தப் பயத்தில்தான் ஒரு பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் போட்டேன், நேர்காணலும் நன்றாகவே போனது, முழுநேர இடம் கொடுத்துவிட்டார்கள். கட்டணம் கட்ட இன்னும் 12 நாள் இருக்கிறது.

தலைப்பு நானே தேர்ந்தெடுத்தது. ராமநாதபுரம் ஜமீன் இருந்தவரை கண்மாய் மராமத்து ஜமீனின் பொறுப்பு. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பு யார் கைக்குப் போனது, ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். என் தாத்தா எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். கண்மாய் நிறைந்து கிடக்கும்போது மூச்சடக்கி முங்கிப் போய் மடையின் அடைப்பைத் திறந்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் கரையில் உட்கார்ந்து எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை சொல்வார். அறுவடையில் அவருக்கு நெல்லாகப் பங்கு வரும். அந்த ஏற்பாடு எப்போது நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அது தெரிய வேண்டும்.

ஆனால் வேலையை விட்டால் அந்த 16,000 போய்விடும். அப்பாவுக்குச் சர்க்கரை, தம்பி இன்னும் படிக்கிறான், அம்மா வாரம் ஒரு ஜாதகம் கொண்டுவருகிறார். அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. எனக்கு நிஜமாகவே ஆராய்ச்சியில் ஆசையா, இல்லை இந்தக் கல்லூரியிலிருந்து எப்படியாவது வெளியேற வேண்டும் என்பதால் பிஎச்.டி.யைப் பிடித்துக்கொள்கிறேனா? ராத்திரி படுத்தால் இதே யோசனை. இப்படி அரை மனதோடு சேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? பிறகு என்ன ஆயிற்று?

பழுப்புக்காகிதம்:

தங்கச்சி, நானும் வரலாறுதான். பிஎச்.டி. முடிக்க ஐந்தரை வருடம் ஆயிற்று, வைவா (கடைசி வாய்மொழித் தேர்வு) முடிந்து மூன்று வருடம். சேரும்போது எனக்கும் இதே சந்தேகம்தான், ஆய்வேட்டைக் கொடுக்கிற வாரம்வரை அது போகவில்லை. அதனால் சந்தேகம் இருக்கிறதே என்று பின்வாங்க வேண்டாம், சந்தேகம் தீரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 12 நாள் இருக்கிறது இல்லையா, இரண்டு காரியம் செய்து பாருங்கள்.

ஒன்று, போய் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் தலைப்புக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்தான் வீடு மாதிரி ஆகப்போகிறது. கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய் அனுமதி கேளுங்கள், அது தாமதமானால் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலாவது இரண்டு நாள் உட்காருங்கள். நான் முதல் வருடம் வருவாய் வாரியக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மூன்று வாரம் ஒன்றுமே அகப்படவில்லை. காகிதத்தின் ஓரம் உதிர்ந்து உதிர்ந்து முழங்கை எல்லாம் பழுப்புத் தூள், சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தள்ளி உட்காருவார். அப்புறம் ஒரு மத்தியானம், கலுங்கு (கண்மாயின் உபரி நீர் வழியும் இடம்) உடைந்து கிடக்கிறது, இரண்டு போகமாக நெல் மணி பிடிக்காமல் சாவி என்று ஓர் ஊரே சேர்ந்து கொடுத்த மனுவின் நகல் வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவே போகவில்லை. அந்த மனு மாதிரி உங்களுக்கு இரண்டு நாளில் எதுவும் கிடைக்காது. ஒன்றுமே கிடைக்காத அன்றைக்கும் மறுநாள் போகத் தோன்றுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, கைடு, அதாவது உங்கள் ஆய்வு வழிகாட்டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் அவர் பெயரைப் போட்டால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். நாலைந்து பேரைப் பிடித்துப் போனில் பேசுங்கள், எழுத்தில் கேட்டால் எல்லோரும் தங்கமான மனிதர் என்றுதான் எழுதுவார்கள். "சார் எப்படி" என்று கேட்காதீர்கள். ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தால் திருத்தம் போட்டு எத்தனை நாளில் திரும்பி வரும் என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். ஓய்வுபெற மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது, அவருக்கு இன்னும் எத்தனை வருடம் என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

சித்திரைவீதி:

நான் மூன்று வருடத்தில் விட்டுவிட்டு வந்தவன். வணிகவியல், முழுநேரம், ஜே.ஆர்.எப். இல்லை, உங்கள் நிலைமையேதான். மேலே அவர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். ஜே.ஆர்.எப். என்றால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அடுத்த மூன்று வருடம் 42,000. வீட்டு வாடகைப்படியைச் சேர்க்காமலே ஐந்து வருடத்துக்கு 24 லட்சம். தேர்வில் விட்ட கொஞ்ச மதிப்பெண்ணுக்கு இத்தனை பணம் போகிறது. நெட் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, பெண்களுக்கு ஜே.ஆர்.எப். வயது வரம்பு 35, உங்களுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. சேர்க்கை மதிப்பெண் காலாவதியானால் ஆகட்டும், உதவிப் பேராசிரியர் தகுதி எங்கேயும் போகாது. 2023 ஜூலையிலிருந்து அந்த வேலைக்கு நெட் போதும், பிஎச்.டி. கட்டாயம் இல்லை.

நான் சேர்ந்த இடத்தில் முதல் வருடத்திலேயே கைடின் விடைத்தாள் கட்டுகள் என் அறைக்கு வந்துவிட்டன. அவர் வீட்டு கேஸ் புக்கிங்கூட நான்தான். கையில் உதவித்தொகை இருந்திருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மாதா மாதம் அக்காவிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்தவனுக்குக் குரல் எழும்பவில்லை. மூன்றாவது வருடம் தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. அதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை, இப்போது ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் நல்ல வேலையில் இருக்கிறேன். ஆனால் என் தலைப்பை வேறு யாரோ செய்திருக்கிறார்கள் என்று பார்த்த அன்று வயிற்றைப் பிசைந்தது. உங்களுக்கு அது வேண்டாம். இந்த இடத்தை விட்டுவிடுங்கள், இரண்டு முறை உட்கார்ந்து எழுதி ஜே.ஆர்.எப். வாங்குங்கள்.

நடுக்கோட்டை_அம்மா:

சித்திரைவீதி தம்பி, நீங்கள் பட்டது புரிகிறது, ஆனால் முழுநேரமாகச் சேர் அல்லது விடு என்று இரண்டே வழிதானா? நான் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பார்ட் டைமில் செய்கிறேன், நாலாவது வருடம் ஓடுகிறது. யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிகளின்படி உச்சவரம்பு ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. இடையில் எனக்குக் குழந்தை பிறந்தது, மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள்வரை விடுப்பு உண்டு. எடுத்துக்கொண்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊருணிக்கரை, கல்லூரியில் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) வாங்கும்போது ஒரு விஷயம். படிக்க அனுமதி, ஆராய்ச்சிக்கு நேரம் கொடுக்கிறோம் என்ற இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். கோர்ஸ் ஒர்க்குக்கு (பிஎச்.டி.யில் முடிக்க வேண்டிய வகுப்புப் பாடங்கள்) தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிக்கிறோம் என்ற வரியும் விதியில் இருக்கிறது, அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எனக்கு அந்த வரி இல்லாததால் ஒரு பருவமே வீணாயிற்று. கல்யாணத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் பிஎச்.டி. செய்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் எழுதுவேன். சில நாள் நாலு வரி. அந்த நாலு வரி மட்டும்தான் அன்றைக்கு நான் எனக்காகச் செய்த வேலையாக இருக்கும்.

ஊருணிக்கரை:

மூன்று பேருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

பழுப்புக்காகிதம் அண்ணன் சொன்னபடி சோத்கங்காவில் தேடி நான்கு பேரிடம் பேசினேன். அத்தியாயம் மூன்று வாரத்துக்குள் திரும்பி வருமாம், ஓரத்தில் எல்லாம் கையால் எழுதியே கொடுப்பாராம். ஆனால் முழுநேர மாணவர்கள் துறையில் வாரம் எட்டு வகுப்பு சம்பளம் இல்லாமல் எடுக்க வேண்டியிருக்கும் என்று ஓர் அக்கா சொன்னார். அதைக் கேட்ட பிறகு முழுநேரம் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

எழும்பூரில் அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்குப் போனேன். தாத்தாவுக்குப் பிறகு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவரின் மகன் வீட்டில், பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் நீளவாக்கில் தைத்த ஒரு கணக்கு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மடை வாரியாகப் பெயர், பக்கத்தில் நெல் அளவு. 1961 வரை வரிசையாக இருக்கிறது, அதற்குப் பிறகு பெயர்கள் மட்டும் எழுதி நெல் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. ஆறு பக்கம் அப்படியே. சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே தங்கினேன். அம்மா போனில் திட்டினார்.

கைடிடம் நேரில் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் என்.ஓ.சி. வந்தால் இதே சேர்க்கையில் பார்ட் டைமாக மாற்றித் தருவதாகச் சொன்னார், இல்லையென்றால் அடுத்த சேர்க்கைக்கு வரச் சொன்னார். எப்படியும் நெட் மறுபடி எழுதுகிறேன், சித்திரைவீதி அண்ணன் போட்ட கணக்கை அப்பாவிடமும் காட்டினேன். நாளைக் காலை தாளாளரைப் பார்க்கிறேன், அந்த மூன்றாவது வரியோடுதான் கேட்கப்போகிறேன்.

பழுப்புக்காகிதம்:

ரொம்ப சந்தோஷம். அந்த நோட்டை யாராவது லேமினேட் செய்துவிடப் போகிறார்கள், வேண்டாம், முதலில் அதைச் சொல்லி வையுங்கள். செல்லோ டேப்பும் ஒட்ட வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல், காலியான அந்த ஆறு பக்கத்தையும் சேர்த்து ஒன்று விடாமல் போட்டோ எடுங்கள். அந்த வீட்டில் இருப்பவருக்கு எத்தனை வயது? 1961 அவருக்கு நினைவிருக்கும் என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திரும்பப் போங்கள்.