பெயர்த்தெடுத்த புல்தரை மண்ணைக் காய்கறிப் பாத்திக்குப் போடலாமா?

கேள்வி (திருநகர்)

வணக்கம். எங்கள் வீட்டு முன்புறத்தில் பல ஆண்டுகளாக இருந்த புல்தரைக்குத் தண்ணீர் விட்டு மாளாததால், அதில் பாதியைச் சென்ற மாதம் ஆள் வைத்துப் பெயர்த்தெடுத்து, நான்கு காய்கறிப் பாத்திகள் அமைத்தோம். புல்கட்டிகள் வேரும் செம்மண்ணுமாகச் சுற்றுச்சுவர் ஓரம் இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்கின்றன. வேலைக்கு வந்தவர் வண்டியில் ஏற்றிக் கொட்டிவிடலாம் என்கிறார். இவ்வளவு நல்ல மேல்மண்ணை வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இதற்கிடையே, கத்தரி நாற்று நட்ட இரண்டு பாத்திகளிலும் ஊசி ஊசியாகப் புல் கிளம்பிவிட்டது. மற்ற இரண்டும் இன்னும் காலியாகவே உள்ளன. கட்டிகளை எப்படிப் பயன்படுத்துவது, களையை எப்படி அடக்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (அழகர்கோவில் சாலை)

தயவுசெய்து வெளியே கொட்டிவிடாதீர்கள், அம்மா. கட்டிகளைப் புல் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, செங்கல் அடுக்குவது போல் நெருக்கமாக அடுக்குங்கள். அடுக்குக்கு அடுக்கு சாணக் கரைசல் தெளித்து, வெளிச்சம் புகாதபடி கருப்பு பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களில் கல் வைத்துவிடுங்கள். அவ்வப்போது திறந்து ஈரம் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் குறைந்தால் மட்குவது நின்றுவிடும். எங்கள் வீட்டில் ஏறத்தாழ எட்டு மாதத்தில், கையில் எடுத்தால் பொலபொலவென உதிரும் மண்ணாக மாறியது. அதில்தான் இன்று வெண்டை நிற்கிறது.

பதில் (ஒத்தக்கடை, விவசாயி)

மேலே சொன்ன முறை சரியானதே. ஆனால் அடுக்குவதற்கு முன் கட்டிக்குள் இருப்பது அருகா, கோரையா என்று பார்த்துவிட வேண்டும். முளைத்ததில் ஒன்றைக் கிள்ளித் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள்: மூன்று பட்டையாக உருளாமல் நின்றால் அது கோரை. ஒரு கட்டியை உடைத்தால், கம்பி போன்ற கருத்த வேரில் மணி கோத்தது போலக் கிழங்குகள் தெரியும். நசுக்கினால் வாசனை வரும். அருகாக இருந்தாலும் அலட்சியம் கூடாது. “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரில் ஒரு கணு தப்பினாலும் மீண்டும் தரையைப் பிடித்துவிடும்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன், ஐயா. குவியலில் பெரும்பகுதி அருகுதான். கத்தரிப் பாத்தியில் இருப்பது மூன்று பட்டைத் தண்டு. கையால் பிடுங்கினால் தண்டு மட்டும் வருகிறது, கிழங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது.

பதில் (ஒத்தக்கடை, விவசாயி)

அப்படியானால் இரண்டையும் வேறு வேறாகக் கையாளுங்கள். பங்குனி, சித்திரை வெயில் நமக்குத் துணை. கோடை உழவு கோடி நன்மை என்பதன் பொருளே இதுதான். அருகுக் கட்டிகளை உடைத்து, மண்ணை உதறி, வேரைச் சிமென்ட் தரையில் மொறுமொறுவென்று காயவிட்டு, அதன் பிறகு அடுக்குங்கள். கோரைக் கிழங்கு உள்ள கட்டிகளை மட்கும் அடுக்கில் சேர்க்கவே வேண்டாம். மண்ணைச் சல்லடையில் சலித்துக் கிழங்கைத் தனியே பொறுக்கிவிடுங்கள்.

காலிப் பாத்திகள் இரண்டையும் நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, 4 முதல் 6 வாரம் விட்டுவையுங்கள். இதற்குக் கருப்புத் தாளைவிட நிறமில்லாத தாளே மண்ணை அதிகம் சூடாக்கும். சாரணை போன்றவற்றின் விதைகள் மேல்மண்ணிலேயே செத்துவிடும். ஆழத்தில் உள்ள கோரைக் கிழங்கு தப்பலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆடிப்பட்டத்திற்கு அந்தப் பாத்திகள் தயாராகிவிடும்.

கத்தரிப் பாத்தியில் களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுப்பதுதான் வழி. ஐந்தாறு இலை விடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். விடாமல் செய்தால் கிழங்கின் இருப்பு கரைந்து முளைப்பு குறையும். வைக்கோலோ கரும்புச் சோகையோ நான்கு விரல் கனத்திற்கு மூடாக்காகப் போட்டால் மற்ற களைகள் அடங்கும்; கோரையின் கூர்முனை அதையும் குத்திக்கொண்டு வரும் என்பதால் கொத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள். கோரை நிழலைத் தாங்காது. ஆகவே கத்தரி முடிந்ததும் அந்த இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிடுங்கள். உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்பவர்கள் உண்டு; அது களையோடு மண்ணையும் கெடுத்துவிடும்.