இரண்டு ஜிஎன்டிக்கு (கிரவுண்ட்) நடுவில் 84 வோல்ட்! எல்எம்35 ரீடிங்கும் தாறுமாறாக ஓடுகிறது. உதவி தேவை

புதுப்பலகை:
ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் போட்டு ஓட்டுற குட்டி கன்ட்ரோலர் போர்டு) லேப்டாப் யூஎஸ்பியில் ஓடுது. பிரெட்போர்டுக்கு (சால்டர் இல்லாம வயர் செருகுற துளைப் பலகை) தனியா ஒரு 5 வோல்ட் போன் சார்ஜர். அதுல எல்எம்35 வெப்பநிலை சென்சாரும் 5 வோல்ட் 0.2 ஆம்பியர் குட்டி ஃபேனும் இருக்கு. எல்எம்35-ஓட நடுக்கால்ல இருந்து ஒரே ஒரு ஜம்பர் வயர் ஊனோவோட ஏ0-க்கு (வோல்டேஜ் அளக்குற பின்) போகுது. ரெண்டு போர்டுக்கும் இடையில வேற வயர் கிடையாது.

சென்சாரோட ஜிஎன்டி கால்ல மீட்டரோட கருப்பு புரோப், நடுக்கால்ல சிவப்பு புரோப் வச்சா 0.31 வோல்ட். 31 டிகிரி, சரிதான். ஆனா ஊனோ அளக்குறதை லேப்டாப்ல காட்டுற சீரியல் மானிட்டர்ல 0-க்கும் 1023-க்கும் நடுவுல நம்பர் குதிக்குது. கருப்பை ஊனோ ஜிஎன்டிக்கு மாத்தி, சிவப்பை சார்ஜர் பிளஸ்ல வச்சேன். 5 வரும்னு பார்த்தா ஒண்ணுமில்லாம அலையுது. மீட்டரை ஏசி 200-க்குத் திருப்பி ரெண்டு ஜிஎன்டிக்கும் நடுவுல வச்சா 84 வோல்ட்! ரெண்டுமே கிரவுண்ட்தானே, ரெண்டுமே பூஜ்யம்தானே?

ஈயக்கம்பி:
கடைசி வரியில்தான் சிக்கல். எந்தப் புள்ளிக்கும் தனியாக வோல்டேஜ் கிடையாது. "இந்த இடம் 5 வோல்ட்" என்று சொன்னால், "எதிலிருந்து?" என்ற கேள்வி கூடவே வரும். மீட்டரில் இரண்டு புரோப் இருப்பதே அதனால்தான். மாடிப்படி மாதிரி: உங்கள் வீட்டு 5-ஆம் படியும் பக்கத்து வீட்டுத் தரையும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று, இரண்டு வீடும் எந்த மட்டத்தில் கட்டியிருக்கிறது என்று தெரியாமல் சொல்ல முடியாது.

ஜிஎன்டி என்பது "இங்கிருந்து அளக்கிறோம்" என்று ஒரு சர்க்யூட்டுக்குள் வைத்துக்கொண்ட பெயர், அவ்வளவுதான். ஒரே பெயர் எழுதியிருப்பதால் இரண்டு போர்டும் ஒன்றாகிவிடாது. ஏ0 அளப்பது தன் ஊனோ ஜிஎன்டியிலிருந்து. எல்எம்35 தன் 0.31-ஐத் தருவது சார்ஜர் மைனஸிலிருந்து. இரண்டையும் ஒரு வயரால் சேர்த்தால்தான் அந்த 0.31 ஊனோவுக்குப் புரியும். திரும்பிப் போக வழி இல்லாமல் ஒற்றை வயரில் சிக்னல் போகாது.

ஃபியூஸ்போச்சு:
சேர்ப்பதற்கு முன் அந்த 84-ஐப் பார்த்துவிடலாம். போன் சார்ஜருக்குள் மெயின்ஸ் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு ஒய் கெபாசிட்டர் இருக்கும், 1 நானோஃபேரட் சுமார். ஸ்விட்சிங் இரைச்சலை அடக்கத்தான் அது. அதன் வழியே 230 வோல்ட்டின் பாதி அளவு வெளியே "தெரியும்". லேப்டாப் மூன்று முள் சார்ஜரில் இருந்தால் அதன் ஜிஎன்டி பெரும்பாலும் எர்த்தோடு சேர்ந்திருக்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே இப்படி ஒரு எண் வரும். அது மீட்டருக்கு மீட்டர் மாறும். ஆனால் பின்னால் கரண்ட் கிடையாது, சில பத்து மைக்ரோஆம்பியர்தான். ஏ0 எரியாமல் வெறுமனே குதித்துக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

இது என் ஊகம். சோதிக்காமல் நம்ப வேண்டாம். சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுங்கள். இரண்டு ஜிஎன்டிக்கும் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். மறுபடி செருகி, போர்டில் கை வைக்காமல் ஏசி ரேஞ்சில் பாருங்கள். 1 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் கெபாசிட்டர் கசிவுதான், பயமில்லை. பத்து, இருபது வோல்ட்டுக்கு மேல் நின்றாலோ ரெசிஸ்டர் சூடானாலோ சார்ஜரின் இன்சுலேஷன் போய்விட்டது. சுவிட்சை அணைத்து, கழற்றி, குப்பையில் போடுங்கள். பழுது பார்க்க வேண்டாம். எர்த் ஓட்டையில் புரோப் செருகிப் பார்க்கும் வேலையும் வேண்டாம்.

புதுப்பலகை:
10கே போட்டதும் 84 போய் 0.4 ஆச்சு! ரெசிஸ்டர் சூடாகல. அப்புறம் அதை எடுத்துட்டு, ஊனோ ஜிஎன்டியில இருந்து சார்ஜர் மைனஸ் வர்ற இடத்துக்கு ஒரு ஜம்பர் போட்டேன். இப்ப 63, 64-னு அசையாம நிக்குது. ஆனா ஃபேனைப் போட்டா 68 ஆயிடுது. காத்து வந்தா குறையணும், இது ஏறுது?

ஈயக்கம்பி:
ஊனோ 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரித்துத்தான் எண்ணாகக் காட்டுகிறது; ஒரு படி 4.88 மில்லிவோல்ட். 5 படி ஏறியது என்றால் 24 மில்லிவோல்ட் சுமார். எல்எம்35-க்கு 10 மில்லிவோல்ட் ஒரு டிகிரி, ஆகவே 2.4 டிகிரி பொய். ஃபேனின் 0.2 ஆம்பியர் திரும்பிப் போகும் ஜம்பரும் பிரெட்போர்டு கிளிப்பும் சேர்ந்து 0.12 ஓம் இருந்தாலே போதும், 0.2 × 0.12 = 0.024 வோல்ட். சென்சாரின் ஜிஎன்டியும் அதே வழியில் இருப்பதால் அதன் "தரை" அவ்வளவு உயர்ந்துவிட்டது.

கண்ணால் பார்க்க: மீட்டர் டிசி 200 மில்லிவோல்ட், கருப்பு ஊனோ ஜிஎன்டி பின்னில், சிவப்பு எல்எம்35-இன் ஜிஎன்டி காலிலேயே. ரெயிலில் (பிரெட்போர்டு ஓரத்து சப்ளை வரிசை) வைக்காதீர்கள், காலில். ஃபேனை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

கருப்புக்கம்பி:
கூடவே ஒன்று. 830 துளை போர்டு என்றால் ஓரத்து ரெயில் நடுவில் அறுந்திருக்கலாம். சிவப்பு, நீலக் கோடு நடுவே விட்டிருக்கிறதா பாருங்கள். சப்ளையை எடுத்துவிட்டு, மீட்டரின் கன்டினியூட்டி ரேஞ்சில் (இணைப்பு அறுந்திருக்காவிட்டால் ஒலிக்கும்) பீப் வருகிறதா சோதியுங்கள்.

புதுப்பலகை:
ரெயில் சரியா இருக்கு, பீப் வந்துச்சு. ஃபேன் இல்லாம 0.2 மில்லிவோல்ட், போட்டதும் 24.3. அப்ப எங்க மாத்தணும்?

ஈயக்கம்பி:
எல்எம்35-ஐ ஊனோவின் 5 வோல்ட், ஜிஎன்டி பின்களிலேயே போடுங்கள்; அது இழுப்பது 60 மைக்ரோஆம்பியர் அளவுதான். ஃபேனின் கருப்பு வயர் பிரெட்போர்டு வழியே வராமல் நேரே சார்ஜர் மைனஸுக்குப் போகட்டும். ஊனோ ஜிஎன்டிக்கும் சார்ஜர் மைனஸுக்கும் நடுவே இருக்கும் ஒற்றை ஜம்பர் அப்படியே இருக்கட்டும். பின்னால் ஃபேனை, டிரான்சிஸ்டரை சுவிட்சாக வைத்து ஊனோவே ஓட்டும்போது, அதை ஆன் செய்யும் பேஸ் கரண்ட் அந்த வழியேதான் திரும்பும்; அது இல்லையென்றால் டிரான்சிஸ்டர் ஆன் ஆகாது. எமிட்டர் சார்ஜர் மைனஸில், பேஸுக்கு 1 கிலோஓம், ஃபேன் முனைகளுக்கு நடுவே ஒரு 1என்4007 டையோடு தலைகீழாக (கோடு உள்ள முனை பிளஸ் பக்கம்).

புதுப்பலகை:
மாத்திட்டேன். ஃபேன் ஓடும்போதும் 63, இப்ப 62-க்கு இறங்குது.