பண்ணைக்கீரையில் நைஜீரியக் குழம்பு வைக்க முடியுமா?

தாராபுரம் வாசகி:
லாகோஸில் சில காலம் பணிபுரிந்து திரும்பியுள்ள என் தம்பி, அங்கே யொரூபா மக்கள் சமைக்கும் ‘எஃபோ ரிரோ’ என்னும் கீரைக் குழம்பு வேண்டும் என்கிறான். அதில் சேரும் ‘சோக்கோ’ கீரையின் படத்தைப் பார்த்தால், மழைக்குப் பின் எங்கள் சோளக்காட்டில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையாகவே தெரிகிறது. இலை மட்டும் சற்று அகலம். இரண்டும் ஒன்றுதானா? நாங்கள் அதைப் பருப்போடு கடைந்து களிக்குத் தொட்டுக்கொள்வதோடு சரி. அங்கே ஊற்றும் சிவப்புப் பாமாயில் இல்லாமல் அந்தக் குழம்பை வைக்கலாமா? என் மாமியாருக்குச் சிறுநீரகக் கல் இருப்பதால், அவருக்குக் கொடுக்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் கூறுங்கள்.

காங்கேயம் மானாவாரி:
இரண்டும் செலோசியா அர்ஜென்டியா என்ற ஒரே இனந்தான். தண்டுக்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் களையென்று கொத்தி எறிவதை, தென்மேற்கு நைஜீரியாவிலும் பெனினிலும் அகன்ற இலையுள்ள வகைகளாகத் தேர்ந்தெடுத்து, பாத்தி கட்டி, சந்தைக்காகவே பயிரிடுகிறார்கள். சோளத்தின் வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லியின் விதைகளை இக்கீரையின் வேர்க்கசிவு முளைக்கத் தூண்டி, பற்றிக்கொள்ள இடமின்றி மடியச் செய்கிறது என்பதை ஆப்பிரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்காகக் காடு முழுவதும் விட்டுவைத்தால் சோளம் நோஞ்சானாகிவிடும். வெள்ளையும் இளஞ்சிவப்புமான கதிர் வெளிவருவதற்கு முன்பே கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். பூத்த பின் இலை நாராகிவிடும்.

பெருந்துறை சமையலறை:
தாராளமாக வைக்கலாம், அக்கா. கீரையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, கையால் இறுகப் பிழிந்து உருண்டையாக வைத்துக்கொள்ளுங்கள். பிழிவதில் சோம்பல் பட்டால் குழம்பு நீர்த்துப் போகும். எஃபோ ரிரோ கெட்டியாக, கீரை மிகுந்தும் சாறு குறைந்தும் இருக்க வேண்டும். சிவப்புக் குடைமிளகாய், வெங்காயம், காரத்துக்குப் பழுத்த மிளகாய் ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, எண்ணெயில் நறுக்கிய வெங்காயம் வதங்கியதும் கொட்டி, பச்சை வாடை போய் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை பொறுமையாகக் கிளறுங்கள். கீரையைக் கடைசியில் சேர்த்து, மூன்று நான்கு நிமிடத்தில் இறக்கிவிடலாம்.

அங்கே மணத்துக்கு ‘இரூ’ என்னும், ஒருவகை மரத்தின் விதையை அவித்துப் புளிக்கவைத்த பண்டத்தைச் சேர்ப்பார்கள். அதனுடன் காய்ந்த மீனும் கூனிப்பொடியும் சேர்வது வழக்கம் என்பதால், சந்தையில் வாங்கிய கருவாட்டை வறுத்துப் பொடித்துப் போட்டாலே பாதி மணம் வந்துவிடும். ரேஷன் கடைப் பாமாயில் சுத்திகரிப்பில் நிறத்தையும் மணத்தையும் இழந்தது. அதற்குப் பதில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயே மேல். எதையும் தேங்காய் அரைத்து ஊற்றாமல் இறக்க நம் கை கேட்காது. இதில் தேங்காயும் வேண்டாம், கடுகு தாளிப்பும் வேண்டாம். அவர்கள் அவித்து இடித்த பெருவள்ளிக்கிழங்கு வகை உருண்டையோடு உண்கிறார்கள். நமக்கு ராகிக்களி பொருந்தும்.

கோவை உணவியல் மாணவி:
பீட்டா கரோட்டின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து ஆகியவை இக்கீரையில் உள்ளன. கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு தேவை என்பதால், எண்ணெயில் வதக்கும் இம்முறை அதற்கு ஏற்றது. கீரையின் இரும்பு எளிதில் உட்கிரகிக்கப்படாது; உண்ணும்போது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் உதவும். சர்க்கரை நோயைத் தீர்க்கும், கண்பார்வையை மீட்கும் என்று பரவும் செய்திகளை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

சிறுநீரகக் கல் சிலவற்றுக்குக் காரணமான ஆக்சலேட் என்னும் பொருள் இதில் உண்டு. வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் அதில் ஒரு பகுதி நீங்கும். வைட்டமின் சி-யும் ஓரளவு போகும். உங்கள் மாமியாரின் கல் எவ்வகை என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அது ஆக்சலேட் கல்லாக இருந்தால், மருத்துவர் அனுமதித்த பின்பே சிறிதளவை அதே வேளையில் தயிரோடு கொடுக்கலாம்; தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

தாராபுரம் வாசகி:
மிக்க நன்றி. இப்போது காட்டில் கீரை இல்லை. பூக்கடைக்கு வரும் கோழிக்கொண்டையும் இதே இனமென்று கேள்விப்பட்டேன். அதன் இலையைச் சமைக்கலாமா?

காங்கேயம் மானாவாரி:
இனம் ஒன்றுதான், ஆனால் பூவுக்காக வளர்க்கும் செடிக்கு அடிக்கும் மருந்து உண்பதற்கானதன்று, அதைத் தொடாதீர்கள். அதுவரை தண்டுக்கீரையில் வையுங்கள். நைஜீரியாவிலும் அதன் உறவுக் கீரைகளில் இக்குழம்பு வைப்பதுண்டு.