புதுப்பிப்பு: பழைய 1.6 செடான், சூடேறும் பிரச்சினை

சுங்கை சிப்புட்டில் வாங்கிய பழைய ஆட்டோ கியர் செடான் கார், நெரிசலில் நின்றால் மட்டும் சூடு முள் ஏறுகிறது, நெடுஞ்சாலையில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தேனே, காரணம் ரேடியேட்டர் விசிறி. விசிறி மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருந்தது. ஓடும்போது எதிர்க்காற்றே குளிர்விப்பதால் தெரியவில்லை. ஹாஃப்கட் கடையில் (வெட்டி இறக்குமதியான பழைய கார்களின் பாகங்கள் விற்கும் கடை) மோட்டார் கிடைத்தது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும் என்று பயமுறுத்தியவர்களுக்கு: எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தோம், எண்ணெயில் தண்ணீர் கலந்தால் வரும் தே தாரேக் (பால் தேநீர்) நிறமெல்லாம் இல்லை, சுத்தம்.

அப்புறம் டைமிங் பெல்ட், எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை. முந்தைய ஓனர் மாற்றியதற்குச் சீட்டு எதுவும் இல்லை, ரப்பர் பெல்ட் வேறு, அதனால் மாற்றிவிடச் சொன்னார் பட்டறை அண்ணன், வாட்டர் பம்பையும் சேர்த்தே, ஏனென்றால் பிறகு அதை மட்டும் மாற்ற வந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற அதே கூலி. "தம்பி, பெல்ட் அறுந்தா வால்வு வளைஞ்சிரும், அப்புறம் என்கிட்ட வந்து அழாதே" என்றார்.

தோட்டத்துச் செம்மண் பாதை லோவர் ஆர்ம் புஷ்ஷை (சக்கரத்தைத் தாங்கும் கையிலுள்ள ரப்பர்) தின்கிறது, அது இங்கே எல்லார் காடிக்கும் (காருக்கும்) உள்ளதுதான். சாலை வரி வருடத்துக்கு 90 ரிங்கிட்தான். 1,600 சிசியைத் தாண்டினால் 200க்கு மேல், வாங்குகிறவர்கள் கவனிக்கவும். காப்புறுதிக்கு என் பழைய காடியின் 55 விழுக்காடு என்சிடியை (இழப்பீடு கோராததற்கான கட்டணக் கழிவு) இதற்கு மாற்றிக்கொண்டேன்.

ஏசி கம்ப்ரசர் மட்டும் இன்னும் கரகரக்கிறது. ஈப்போ பக்கம் நல்ல ஏசி கடை தெரிந்தால் சொல்லுங்கள்.