ஓவர்ஹால் பணிக்கு வருபவர்களுக்கு மாடி வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விடலாமா?

இந்திரா நகர் மகள்:
அனைவருக்கும் வணக்கம். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, இந்திரா நகரில் எங்களுக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. கீழ்த்தளத்தில் வயதான என் பெற்றோர் வசிக்கிறார்கள்; இரண்டு படுக்கையறைகள் கொண்ட மாடிப் போர்ஷன் சில மாதங்களாகக் காலியாக உள்ளது. அனல்மின் நிலையத்தின் மின் உற்பத்தி அலகுகளை நிறுத்தி முழுமையாகப் பழுதுபார்க்கும் ஓவர்ஹால் பணிக்காக வெளிமாநிலங்களிலிருந்து ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள் வருவதாகவும், ஓரிரு மாதங்கள் தங்குவதற்குக் குடும்ப வாடகையைவிடக் கூடுதலாகவே அவர்கள் கொடுப்பார்கள் என்றும் வீட்டுத் தரகர் சொல்கிறார். நான் பெங்களூருவில் வேலை பார்ப்பதால், அடிக்கடி நேரில் வந்து பார்க்க இயலாது. நாலு பேர் என்று சொல்லி வந்து பத்துப் பேர் தங்கிவிடுவார்களோ, மின்கட்டணத்தைக் கட்டாமல் போய்விடுவார்களோ என்று அப்பா தயங்குகிறார். இப்படிக் குறுகிய காலத்துக்கு வருபவர்களில் நம்பகமானவர்களை எவ்வாறு கண்டறிவது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மந்தாரக்குப்பம் வீட்டுக்காரர்:
சகோதரி, எங்கள் வீடு இரண்டாம் அனல்மின் நிலையத்துக்கு அருகில் இருப்பதால், இந்த வாடகையில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: நாற்பது நாள் வேலைக்கு வரும் ஒரு வெல்டரையோ பிட்டரையோ முகம் பார்த்து எடைபோட உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. பாய்லர் குழாய் வேலை முடிந்ததும் அந்தக் குழு கிளம்பிவிடும். அதே நிறுவனத்தின் வேறு குழு வந்து அதே அறையில் பாய் விரிக்கும். எனவே, உங்கள் வாடகைதாரர் அந்த நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும்; தங்குபவர்கள் அது கொடுக்கும் பட்டியலில் உள்ள பெயர்கள், அவ்வளவே. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவர் நிறுவனத்தின் அதிகாரம் பெற்றவரா என்பதைக் கடிதம் வாங்கி உறுதி செய்யுங்கள்.

அந்த நிறுவனத்துக்கு வேலை ஒப்படைக்கப்பட்டதற்கான வொர்க் ஆர்டரின் முதல் பக்கத்தை மட்டும் கேளுங்கள். விலை விவரம் நமக்குத் தேவையில்லை. எந்த அலகில் வேலை, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது அதில் இருக்கும். தொழிலாளர்களின் கேட் பாஸ் நகலும் பயனுள்ளது. அதில் நிறுவனத்தின் பெயரும் செல்லுபடியாகும் காலமும் இருப்பதால், பாஸ் முடிந்த பிறகும் ஒருவர் தங்கியிருந்தால் அதற்கு என்ன காரணம் என்று நீங்கள் கேட்க முடியும்.

விசாரிக்க வேண்டிய இடம் தரகர் அன்று, அவர்கள் சாப்பிடும் மெஸ். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் தரகருக்குக் கமிஷன் கிடைக்கும்; மெஸ்காரரோ கடன் கொடுத்துச் சோறு போடுபவர், ஆகவே எந்த நிறுவனம் கணக்கை முடித்துவிட்டு ஊருக்குப் போனது, எது இரவோடு இரவாகக் காலி செய்தது என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். சென்ற முறை அவர்கள் தங்கிய வீட்டின் உரிமையாளரிடமும் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.

மின்கட்டணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை என்பதால், ஆட்கள் போன பிறகுதான் தொகை தெரிகிறது. அந்தச் சுழற்சியில் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டண விகிதம் உயர்ந்துவிடுகிறது. மாடிக்குத் தனி இணைப்பு இல்லையென்றால் இந்தச் சுமை உங்கள் பெற்றோரின் கணக்கில் ஏறும். குறைந்தபட்சம் சப் மீட்டராவது பொருத்தி, சாவி கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் இருவரும் பார்க்க அளவைக் குறித்து, புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் வரி ஆலோசகர்:
மேலே சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நிறுவனத்தை வாடகைதாரராக ஏற்கும்போது வரி நிலை மாறும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், ஜிஎஸ்டி பதிவு பெற்ற ஒருவர் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால், 18 சதவீத வரியை எதிர்முறைக் கட்டணமாக அவரே அரசுக்குச் செலுத்த வேண்டும். உரிமையாளரான உங்கள் மீது அந்தப் பொறுப்பு விழாது என்றாலும், தமக்குக் கூடுதல் செலவு என்று சொல்லி வாடகையைக் குறைக்கச் சில நிறுவனங்கள் பேரம் பேசும். வேறு சிலர், தொழிலாளி ஒருவரின் பெயரில் ஒப்பந்தம் போடலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் நிறுவனம் பொறுப்பிலிருந்து கழன்றுவிடும் என்பதால், அந்த யோசனையை ஏற்க வேண்டாம்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அது எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கோருகிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பதினொரு மாதங்களுக்குக் குறைவாக இருந்தால் எதுவுமே வேண்டாம் என்ற பழைய நம்பிக்கையோடு இருந்துவிடாமல், உங்கள் பகுதிக்குரிய நடைமுறையைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தங்குபவர்களின் பட்டியலைக் காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலே போதும்.

சைட் சூப்பர்வைசர்:
வீடு தேடும் தரப்பிலிருந்து எழுதுகிறேன். ராமகுண்டம், கோர்பா, நெய்வேலி என்று அலகு நிற்கும் ஊர்களுக்கெல்லாம் ஆட்களை அழைத்துச் செல்வது என் வேலை. வீட்டுக்காரர்கள் எங்களைச் சந்தேகிப்பதைப் போலவே நாங்களும் அவர்களைச் சந்தேகிக்கிறோம். வேலை முடிந்து ரயிலேறும் நாளில் சுவரில் ஆணி அடித்ததைக் காட்டி, முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. நல்ல குழு வேண்டுமென்றால், எது எதற்குப் பிடித்தம் செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அவ்வாறு எழுதிக் கொடுக்கும் வீட்டை நாங்கள் அடுத்த ஆண்டும் தேடி வருவோம்.

நிறுவனம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. முதன்மை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர், அவருக்கும் கீழே ஆள் சப்ளை செய்பவர் என்று பல படிகள் இருக்கும். பணம் மேலிருந்து கீழே இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தாமதமாகும். கடைசிப் படியில் இருப்பவரோடு ஒப்பந்தம் செய்தால், அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் வாடகை தள்ளிப்போகும். ஆகவே, யாருடைய வங்கிக் கணக்கிலிருந்து வாடகை வரும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். தொழிலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க வேண்டாம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குத் தங்குமிடம் தர வேண்டியது ஒப்பந்ததாரரின் கடமை என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. தலைக்கணக்கில் பேசினால், ஆள் கூடுவது வீட்டுக்காரருக்கே ஆதாயமாகி, கடைசியில் தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்க்கும் தாங்காமல் போகும். முழு வீட்டுக்கு ஒரு தொகை, அதிகபட்சம் இத்தனை பேர் என்று எழுதுவதே இரு தரப்புக்கும் நல்லது.

இந்திரா நகர் மகள்:
மூவருக்கும் நன்றி. மாடிப்படி வெளிப்புறமாகத்தான் இருக்கிறது. பெற்றோர் கீழே இருப்பதால், தொழிலாளர் குழுவுக்கு விடுவதா, பொறியாளர்களுக்கு விடுவதா என்பதும், வேலை நீண்டுவிட்டால் என்ன செய்வது என்பதும் மட்டும் இன்னும் புரியவில்லை.

மந்தாரக்குப்பம் வீட்டுக்காரர்:
படி வெளியே இருப்பது பெரிய வசதி. ஓவர்ஹால் சூடுபிடித்தால் இரவும் பகலும் ஷிப்ட் நடக்கும். நள்ளிரவில் ஒரு குழு இறங்கி இன்னொரு குழு ஏறும்போது கீழே தூங்குபவர்களுக்கு நிம்மதி இருக்காது. அது தொழிலாளர்களின் குற்றமன்று, வேலையின் தன்மை அப்படி. உங்கள் வீட்டுக்கு, டர்பைன் வேலைக்கு வரும் மூன்று நான்கு பொறியாளர்களோ சூப்பர்வைசர்களோ பொருந்துவார்கள். வாடகை சற்றுக் குறைந்தாலும் அவர்களையே தேர்ந்தெடுங்கள்.

அலகைத் திறந்து பார்த்த பிறகு புதிய பழுது தெரியவரலாம் என்பதால், சொன்ன தேதியில் வேலை முடியும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. பதினைந்து பதினைந்து நாட்களாக, முன்கூட்டியே வாடகை செலுத்தி நீட்டித்துக்கொள்ளலாம் என்றும், நீட்டிப்பு வேண்டுமா என்பதை ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் சேருங்கள். அந்தத் தகவல் வரும்வரை அடுத்தவருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.