6 மி.மீ. பைப்பில் லீப் புரோப் காட்டும் ரீடிங்கை நம்பலாமா?

கேள்வி:
கார்பன் ஸ்டீல் பைப், சுவர் 6 மி.மீ. வெல்டிங்கை ஒட்டிய பகுதியில் கடினத்தன்மை 250 ஹெச்வி (விக்கர்ஸ் அளவு) தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. கையில் இருப்பது லீப் கருவி (குண்டு அடித்துத் துள்ளுவதை வைத்துக் கடினத்தன்மை அளப்பது), டி வகை புரோப். கடினத்தன்மை தெரிந்த டெஸ்ட் பிளாக்கில் சொல்லி வைத்த மாதிரி சரியாகக் காட்டுகிறது. பைப்பில் வைத்தால் 118 ஹெச்வி, அடுத்து 165, அப்புறம் 131. கருவி போச்சா?

பதில் 1:
கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை சார், பைப் அதிர்கிறது. டி புரோபில் 3 மி.மீ. டங்ஸ்டன் கார்பைடு குண்டு போய் அடித்துத் துள்ளுகிறது. துள்ளும் வேகத்தை அடித்த வேகத்தால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் லீப் எண். மெல்லிய சுவர் அதிர்ந்து கொடுத்தால் வேகம் அங்கேயே செலவாகி எண் இறங்கும். பிளாக் கனமான கட்டி, அதில் இது தெரியவே தெரியாது. தாங்கல் இல்லாமல் அடிக்க 25 மி.மீ. தடிமனும் 5 கிலோ எடையும் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பைப் எத்தனை கிலோ இருந்தாலும் சுவர் மெல்லிசு என்றால் மெல்லிசுதான்.

ரீடிங் குறைவாக வருவதுதான் எனக்குப் பயம். 250-ஐத் தாண்டிய இடமும் பாஸ் ஆகிவிடும். அந்த எண்களை ரிப்போர்ட்டில் ஏற்றாதீர்கள். யுசிஐ (அல்ட்ராசானிக் முறை) புரோப் ஏற்பாடு செய்யுங்கள். விக்கர்ஸ் வைரமுனையை அழுத்தி, அந்த முனை பொருத்திய கம்பியின் அதிர்வெண் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கருவி அது, அடி கிடையாது. குழியும் சின்னது, வெப்பம் பாதித்த குறுகிய பட்டைக்குள் குறி வைக்கலாம். 5 மி.மீ.க்குக் கீழே போனால் அதுவும் சேட்டை செய்யும்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: விரிசல் தேடும் காந்தத் துகள் சோதனை முடித்த கையோடு லீப் அடிக்காதீர்கள். குண்டோடு போகும் காந்தம் சுருளைக் கடக்கும்போதுதான் வேகம் அளக்கப்படுகிறது; பைப்பில் மிச்சமிருக்கும் காந்தம் குழப்பிவிடும்.

கேட்டவர்:
நன்றி. 98 நியூட்டன் விசையில் அழுத்தும் யுசிஐ கிடைக்கும் போலிருக்கிறது. கிரைண்டர் போட்ட பரப்பு போதுமா?

பதில் 1:
போதாது. 250 ஹெச்வி-யில் அந்த அழுத்தத்துக்குக் குழியின் ஆழமே சுமார் 0.04 மி.மீ.தான். கிரைண்டர் கோடுகள் மறையும்வரை எமரி தாளால் நிதானமாகத் தேயுங்கள். சூடேறி நீலம் பாய விட்டால் அந்த இடம் வீண். அப்புறம், அடுத்த வேலை டைட்டானியம் என்றால் இதே செட்டிங்கில் அளக்காதீர்கள், யுசிஐ ரீடிங் உலோகத்தின் மீள்மையையும் பொறுத்தது. அதே உலோகத்தில், கடினத்தன்மை தெரிந்த துண்டை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.